உன் நாவின் அடியில் இருந்ததை முதலில் கண்டவள்

அன்பு மகன் கதிரவனுக்கு,

நந்தினியும் அவள் வயிற்றில் வளரும் குழந்தையும் நலமாக இருக்கிறார்கள் என்று சென்ற ஞாயிற்றுக்கிழமை நீ டெல்லியின் மறுகோடியிலுள்ள துவாரகாவிலிருந்து தொலைபேசியில் சொன்னாய். அந்த மகிழ்ச்சியிலேயே பேச்சை முடித்திருக்கலாம். ஆனால் ஸ்கேன் எடுத்த மருத்துவர், பெற்றோரில் யாருக்கேனும் பிறவிக் கோளாறு இருந்ததா என்று கேட்டதாகவும், நீ பெருமையாகப் பதில் சொன்னதாகவும் தொடர்ந்தாய். "எனக்கு நாக்குக்குக் கீழ கட்டி இருந்துச்சு, பொறந்த ரெண்டாம் நாளே எங்கம்மா கண்டுபிடிச்சாங்கன்னு சொன்னேம்மா. டாக்டர் அசந்துட்டாங்க. 'இவ்ளோ கூர்மையா பாக்குற மாமியார் கிடைச்சிருக்காங்க, கொடுத்து வச்சவ'ன்னு நந்தினிகிட்ட சொன்னாங்க. அந்தப் பழைய ஃபைலைப் பாக்கணுமாம், ஜல்தி அனுப்புங்க." அனுப்புகிறேன் என்று ஒரே சொல்லில் பதிலளித்துவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். கோப்பை அன்றே பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் அதை இப்படியே உன்னிடம் அனுப்ப என்னால் இயலவில்லை. காரணம், அதன் முதல் பக்கத்தில் ஒரு பொய் இருக்கிறது. அதைச் சொன்னவள் நான்.

இதை ஏன் தனிக் கடிதமாக உறையிலிட்டு அனுப்பாமல், மயூர் விஹாரில் நம் குடியிருப்புத் தமிழர்கள் பொங்கலுக்கு வெளியிடும் மலரில் அச்சிடத் தருகிறேன் என்று நீ கேட்பாய். ஆறு ஆண்டுகளுக்கு முன் இதே மலரில்தான் "தாய்மையும் நுண்ணறிவும்" என்ற தலைப்பில் நான் ஒரு கட்டுரை எழுதினேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒரு பெண், தானே படித்துத் தேறிய அறிவால் தன் மகனின் நோயை எப்படிக் கண்டறிந்தாள் என்பதே அதன் பொருள். பலர் பாராட்டினார்கள். உன் அப்பா மட்டும் அதைப் படித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "எழுத்துப்பிழை ஒண்ணும் இல்ல" என்றார். அவர் அன்று சொல்லாமல் விட்டதை அவர் மறைந்து இரண்டாண்டுகளுக்குப் பின் நான் சொல்கிறேன். பொய்யைப் பலர் அறியச் சொல்லிவிட்டு, உண்மையை ஒருவருக்கு மட்டும் சொல்வது முறையாகாது.

திருமணமாகி நான் டெல்லிக்கு வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. உன் அப்பா மத்திய அரசு அலுவலகத்தில் கீழ்நிலை எழுத்தர். லக்ஷ்மிபாய் நகரில் இரண்டு அறைகள் கொண்ட குவார்ட்டர்ஸ். காலை ஒன்பது மணிக்கு அவர் பேருந்தைப் பிடித்துப் போய்விட்டால், மாலை ஆறு மணி வரை எனக்குத் துணை ஒரு தமிழ் – ஆங்கில அகராதியும், மாடி வீட்டார் எடைக்குப் போடுவதற்கு முன் எனக்குத் தரும் பழைய இதழ்களும்தான். ஒரு நாளைக்குப் பத்துச் சொற்கள் என்று வைத்துக்கொண்டு ஆங்கிலம் கற்றேன். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதித் தேறினேன். குடியிருப்பில் யாருக்கேனும் விண்ணப்பம் எழுத வேண்டுமென்றால் என்னிடம் வருவார்கள். எனக்கு இவ்வளவையும் தந்த இந்த ஊருக்கு என்றும் நன்றியுடையவள் நான். ஆனால் கற்றதைவிடக் கற்றவள் என்ற பெயரை நான் அதிகமாக நேசித்துவிட்டேன் என்பதை இப்போது உணர்கிறேன். பின்னே நடந்ததற்கெல்லாம் வேர் அதுதான்.

உன் வேலம்மா அத்தை, உன் அப்பாவின் ஒரே தங்கை. அவளும் கட்டட வேலை செய்யும் கணவனோடு விருதுநகர்ப் பக்கத்திலிருந்து டெல்லிக்கு வந்தவள்தான். ஒரே வீட்டில் பிறந்தவர்களில் ஒருவருக்கு அரசுக் குடியிருப்பும் மற்றவருக்குத் தகரக்கூரைக் குடிசையும் வாய்த்தன. அவள் ஐந்து வீடுகளில் பாத்திரம் துலக்கி, துணி துவைத்துப் பிழைத்தாள். ஹிந்தியை என்னைப் போல அகராதி வைத்துக் கற்கவில்லை. ஆறே மாதத்தில் காய்கறிக்காரனோடு சண்டை போடும் அளவுக்குப் பேசினாள். எழுதப் படிக்கத் தெரியாது. என்னை "மதினி" என்று அழைப்பாள். நான் பேசும் தமிழைக் கேட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிப்பதில்லை.

நீ நல்ல குளிர்காலத்தில் பிறந்தாய். மகப்பேறு மருத்துவமனையின் பொதுக் கூடத்தில் ஏறத்தாழப் பத்துத் தாய்மார்கள் படுத்திருந்தோம். உனக்கு எடை சரியாக இருந்தது. அழுகையும் பலமாக இருந்தது. பார்க்க வந்த மருத்துவர் கை கால்களையும் நெஞ்சையும் சோதித்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். இரண்டாம் நாள் காலை வேலம்மா வந்தாள். அப்போது நான் கண்ணயர்ந்திருந்தேன். நம் பக்கத்தில் சேனை வைத்தல் என்று ஒரு வழக்கம் உண்டு. பிறந்த குழந்தையின் நாவில் குடும்பத்தில் ஒருவர் சர்க்கரை நீரைத் தொட்டு வைப்பார்கள். வைத்தவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பார்கள். இதெல்லாம் வேண்டாம், குழந்தையின் வாயில் தாய்ப்பாலைத் தவிர எதையும் வைக்கலாகாது என்று நடைபாதைக் கடையில் வாங்கிய குழந்தை வளர்ப்பு நூலொன்றை மூன்று முறை படித்துவிட்டு உன் அப்பாவிடம் முன்பே கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அவர் தங்கையின் முகத்தைப் பார்த்ததும் அதை மறந்துவிட்டார் போலும்.

அவள் குரல் கேட்டுத்தான் நான் விழித்தேன். "அண்ணே, இங்க பாரேன். புள்ள நாக்குக்குக் கீழ என்னமோ தட்டுப்படுது. பட்டாணி கணக்கா உருளுது." அவளுடைய சுண்டுவிரல் உன் வாயில் இருந்தது. அவ்வளவுதான் நான் பார்த்தேன். அவள் சொன்னது என் செவியில் விழுந்தது, மனத்தில் ஏறவில்லை. எழுந்து உட்கார்ந்து, உன்னைப் பறித்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னிலையில், "ஊரார் வீட்டு எச்சிற் பாத்திரம் தேய்க்கும் விரலை என் மகனின் வாயில் வைத்தாயே, உனக்கு அறிவில்லையா" என்று கேட்டேன். கோபத்திலும் எனக்குத் தமிழ் பிசகாது என்று நீ கேலி செய்வாயே, அன்றும் பிசகவில்லை. ஹிந்திக்காரப் பெண்களுக்கு என் சொல் புரிந்திராது. ஆனால் நான் அவள் கையைத் தட்டிவிட்டது எல்லோருக்கும் புரிந்தது. அவள் சர்க்கரை நீர் இருந்த சின்ன மூடியைச் சேலை முந்தானையால் துடைத்துக்கொண்டு, "கழுவிட்டுத்தான் மதினி வச்சேன், வெந்நீர்ல" என்றாள். பிறகு போய்விட்டாள்.

அந்த நூல் சொன்னது சரிதான், மகனே. இன்றும் மருத்துவர்கள் அதையே சொல்கிறார்கள். தேனும் வேண்டாம், சர்க்கரை நீரும் வேண்டாம். நூல் தவறவில்லை. நூலை ஏந்திக்கொண்டிருந்த நான்தான் தவறினேன். ஒருத்தி செய்த பிழையைப் பார்த்த கண்ணால், அதே கணத்தில் அவள் கண்டுபிடித்த உண்மையை என்னால் பார்க்க முடியவில்லை. உன் நாவைத் தூக்கி ஒருமுறை பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. பார்த்தால் அவள் சொன்னது மெய்யாகிவிடுமே.

வீட்டுக்கு வந்த பின் நீ பால் குடிக்கத் திணறினாய். நான்கு முறை உறிஞ்சுவாய், விட்டுவிட்டு அழுவாய். மூச்சில் ஒரு கறகறப்பு இருந்தது. மல்லாக்கப் படுக்கவைத்தால் அது கூடும், பக்கவாட்டில் திருப்பினால் குறையும். மூன்றாம் வாரத்தில் நீ அழும்போது உன் நாக்கு மேலண்ணத்தை நோக்கித் தூக்கிக்கொண்டு நிற்பதையும், அதன் அடியில் இளநீல நிறத்தில் ஒரு கொப்புளம் போன்ற வீக்கம் பளபளப்பதையும் கண்டேன். இப்போது அது பட்டாணி அன்று, பெரிய நெல்லிக்காய். புறநோயாளிப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கிருந்த இளம் மருத்துவர் எப்போதிலிருந்து என்று கேட்டார். நான் சிறிதும் தயங்காமல், உறவுக்காரப் பெண் ஒருத்தி அழுக்கு விரலை வாயில் விட்டாள், அதில் நகம் பட்டுச் சீழ் பிடித்திருக்கிறது என்று ஆங்கிலமும் ஹிந்தியும் கலந்து தெளிவாக விளக்கினேன். என் விளக்கம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் அவரும் நம்பிவிட்டார். காயத்தால் வந்த தொற்று என்று எழுதி ஐந்து நாள் மருந்து கொடுத்தார். அந்த ஐந்து நாட்களில் உன் எடை குறைந்தது. பால் குடித்துக்கொண்டிருக்கையில் ஒருமுறை உன் உதடு நீலம் பாய்ந்தது.

அதன் பிறகுதான் குழந்தைகளுக்கான அறுவை மருத்துவரிடம் போனோம். நடுவயதுப் பெண்மணி, தலைமுடியை இறுக்கிக் கொண்டையிட்டிருந்தார், அவசரமே தெரியாத குரல். உன்னை உள்ளே சேர்த்துக்கொண்டார். ஒருவருக்கு மட்டும் அனுமதிச் சீட்டு என்பதால் உன் அப்பா வெளி வாசலில் நின்றார். நான் மட்டும் உன்னோடு உள்ளே இருந்தேன். மருத்துவர் முதலில் கையுறை அணிந்த தன் சிறுவிரலால் அந்த வீக்கத்தை மெல்லத் தொட்டுப் பார்த்தார். வேலம்மா தொட்டது போலவே தொட்டார். பிறகு பழைய சீட்டைப் படித்துவிட்டு ஹிந்தியில் என்னைக் கேட்டார்:

"அந்த விரல் பட்டதற்கு முன்பே இது இருந்ததா, பின்னால் வந்ததா? நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள். பின்னால் வந்தது என்றால் சீழ்க்கட்டி, கீறி வடிக்கலாம். முன்பே இருந்தது என்றால் இது கருவிலேயே உண்டான வேறு பொருள். அதை அவசரப்பட்டுக் கீறக் கூடாது."

உன் உயிர் என் ஒரு சொல்லில் நின்ற கணம் அது. பட்டாணி கணக்கா உருளுது என்ற குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. இருபது நாட்களாக நான் கேட்க மறுத்த குரல். "முன்பே இருந்தது," என்றேன். "இரண்டாம் நாளே இருந்தது. பட்டாணி அளவு. மென்மையாக, நகரும்படி." அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "யார் பார்த்தது?" என்று கேட்டார்.

"நான்," என்றேன்.

எப்படி அந்தச் சொல் வந்தது என்று இத்தனை ஆண்டுகளாக என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வேலம்மாவின் பெயரைச் சொன்னால், பிறகு ஏன் அவள் மீது பழி சொன்னீர்கள் என்ற கேள்வி வருமே என்ற அச்சம் ஒரு பங்கு. மீதி என்னவென்று நான் நன்கறிவேன். அவர் எழுதிக்கொண்டே, "அச்சா. வெகு கூர்மையான தாய். பாதி வேலையை எனக்கு முடித்துவிட்டீர்கள்," என்றார். படித்த ஒருவர், அதுவும் ஒரு மருத்துவர், என் அறிவைப் பாராட்டியது வாழ்க்கையில் அதுவே முதல் முறை. அந்தப் பாராட்டைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

உண்மை உனக்குப் பயன்பட்டது என்பதற்காக என்றும் நன்றி செலுத்துகிறேன். நாவின் அடியில் பிறவியிலேயே வரும் கட்டிகள் சில வகை என்று அந்த மருத்துவர் ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார். உமிழ்நீர் வெளியேற வழியின்றித் தேங்கும் நீர்க்கட்டி ஒன்று. நிணநீர் தேங்கி நுரைபோல் படரும் கட்டி ஒன்று. தோலின் துணுக்கு உள்ளே சிக்கிக்கொண்டு வளர்வது ஒன்று. மிக அரிதாக, கருவில் உணவுப்பாதை உருவாகும்போது அதன் ஒரு சிறு துண்டு வழி தவறி நாவருகே தங்கிவிடுவது ஒன்று. வெளியிலிருந்து பார்க்க எல்லாம் ஒன்று போலவே இருக்குமாம். ஒலி அலைச் சோதனையில் உள்ளே நீர் என்று தெரிந்தது. பிறகு உன்னைத் தூங்கவைத்து எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். கட்டி எவ்வளவு ஆழம் போகிறது, நாவின் தசையைப் பற்றியிருக்கிறதா என்று அதில் பார்த்தார்கள். கழுத்தில் தைராய்டு சுரப்பி அதற்குரிய இடத்தில் இருக்கிறதா என்றும் தேடினார்கள். சில குழந்தைகளுக்கு அந்தச் சுரப்பியே இடம் மாறி நாவில் அமர்ந்திருக்குமாம். கட்டி என்று நினைத்து அதை அறுத்துவிட்டால் வாழ்நாள் முழுவதற்கும் இழப்பு. அறுப்பதற்கு முன் அவர்கள் எத்தனை முறை ஐயுற்றார்கள் என்பதைப் பார்த்துத்தான், அறிவு என்பது உறுதியாகப் பேசுவது அன்று என்று எனக்கு முதன்முதலாக உறைத்தது.

மூச்சுக்கு இடம் கிடைக்க ஊசியால் நீரை உறிஞ்சி எடுத்தார்கள். நான்கே நாட்களில் மீண்டும் நிறைந்தது. அறுவைக்கு உடம்பு தேற வேண்டும், அதற்குப் பால் உள்ளே போக வேண்டும். நீயோ உறிஞ்ச முடியாதவன். அப்போது கேரளத்துச் செவிலி ஒருவர், "சேச்சி, பாலாடை உண்டோ? பாலாடை இருந்தா நான் சொல்லித் தராம்," என்றார். மூக்கு வைத்த அந்தச் சிறு கிண்ணத்துக்கு டெல்லி மருத்துவமனையிலும் அதே பெயர்தான் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. என்னிடம் இல்லை. உன் அப்பாவிடம் சொல்லியனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் எவர்சில்வர் பாலாடை ஒன்று வந்தது. யாருடையது என்று நான் கேட்கவில்லை, கேட்காமலே தெரியும். வேலம்மா தன் மகளுக்குப் பால் புகட்டியது. தினமும் வேலை முடித்து அவள் மருத்துவமனை வாசலுக்கு வந்து, அண்ணனோடு மதிற்சுவரோரம் நின்றுவிட்டுப் போகிறாள் என்பதும் தெரியும். ஒரு நாள், ஒரு மணி நேரம், அந்த அனுமதிச் சீட்டை நான் அவளிடம் கொடுத்திருக்கலாம். பாலாடையை வாங்கிக்கொண்டேன். கொண்டுவந்தவளை வெளியே நிறுத்திவைத்தேன்.

கன்னத்தின் ஓரமாகச் சாய்த்து, சொட்டுச் சொட்டாக, நீ விழுங்கிய பின்பே அடுத்தது என்று செவிலி கற்றுக்கொடுத்தார். பத்தொன்பது நாட்கள் அந்தப் பாலாடையில் நீ வளர்ந்தாய். அறுவை மூன்று மணி நேரம் நடந்தது. கட்டி கிழியாமல், முழுப்பையாகவே எடுத்துவிட்டோம் என்று மருத்துவர் வந்து சொன்னபோது அவர் கையைப் பற்றிக்கொண்டு நான் பேசிய ஹிந்தியில் ஒரு வாக்கியமாவது சரியாக இருந்திருக்குமா என்பது ஐயமே. இரண்டு வாரம் கழித்துச் சதைப் பரிசோதனை முடிவு வந்தது. கட்டியின் உட்சுவரில் இருந்தது இரைப்பையின் மெல்லிய தோல். வயிற்றில் இருக்க வேண்டியது வாயில் இருந்திருக்கிறது. அவர் சிரித்துக்கொண்டே, "இவனுக்கு இரண்டு வயிறு இருந்தது, ஒன்றை எடுத்துவிட்டேன்," என்றார். ரெண்டு வயித்துக்காரன் என்று அப்பா உன்னை அழைத்தது அதனால்தான். முழுமையாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் திரும்ப வராது என்றார்; வரவில்லை. பேச்சு தெளிவாக வருமா என்று அஞ்சினேன். இன்று விமான நிலையத்தில் நீ ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்கிறாய். அந்த மருத்துவர் இப்போது எங்கிருக்கிறார் என்று தெரியாது. என்றேனும் பயணியாக அமர்ந்து உன் குரலைக் கேட்டிருப்பார் என்று எண்ணிக்கொள்வேன்.

அதற்குப் பின் வேலம்மா நம் வீட்டுக்கு வராமல் இல்லை. தீபாவளிக்கு வந்தாள், உன் பிறந்தநாளுக்கு வந்தாள். நானும் வா என்றேன், உட்கார் என்றேன். ஆனால் அவள் உனக்கு ஒரு வாய் ஊட்ட வந்தால், "தட்டிலே வைத்துவிடு, அவனே எடுத்துக்கொள்வான்," என்பேன். எத்தனை ஆண்டுகள் இப்படி! உனக்கு ஐந்து வயதிருக்கும்போது அவள் அதிரசத்தை விண்டு உன் வாயருகே கொண்டுவந்தாள். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அத்தை கை கந்தா இருக்கு," என்றாய், அழுக்கு என்பதற்கான ஹிந்திச் சொல்லில். நான் உனக்கு அப்படி ஒருபோதும் சொல்லித் தந்ததில்லை. நான் தட்டை நகர்த்திய விதத்திலிருந்து நீயே கற்றுக்கொண்டாய். அவள் சிரித்தாள். "ஆமாடா ராசா, அஞ்சு வீட்டுக் கையில்ல," என்று சொல்லி, அந்த விள்ளலைத் தானே தின்றாள். உனக்கு இது நினைவிருக்காது. எனக்கு அவள் மென்று விழுங்கியது வரை நினைவிருக்கிறது.

அடுத்த மாதம் நீ தந்தையாகப் போகிறாய். உனக்கு வந்த கட்டி பரம்பரையாக வருவது அன்று என்று அன்றே சொன்னார்கள், ஆகவே அஞ்சாதே. ஆயினும் குழந்தை பிறந்ததும் நாவைத் தூக்கி, ஈறையும் அண்ணத்தையும் பார்க்கும்படி மருத்துவரிடம் கேட்டுக்கொள். பால் குடிக்கத் திணறினாலோ மூச்சில் சத்தம் கேட்டாலோ காத்திருக்காதே. மருத்துவர் கேட்கும்போது நடந்ததை மட்டும் சொல். ஏன் நடந்தது என்று நீ கண்டுபிடித்து வைத்திருப்பதைச் சொல்லாதே. யார் பார்த்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல். குழந்தையைத் தூக்குபவர்கள் எல்லோரும் கைகளைக் கழுவட்டும், நானும் சேர்த்து. ஆனால் கழுவிய கையை மறுபடியும் பழிக்காதே.

இக்கடிதத்தை அச்சுக்குத் தருவதற்கு முன், இதில் பெயர் வரும் ஒருத்தியின் ஒப்புதல் வேண்டுமல்லவா. நேற்று முன்தினம் வேலம்மாவின் வீட்டுக்குப் போனேன். அவர்கள் குடிசைப் பகுதியை இடித்த பின் நகரத்தின் ஓரத்தில் கிடைத்த ஒற்றை அறைக்கு நான் போனது அதுவே முதல் முறை. கட்டிலில் உட்கார்ந்து, இந்தப் பக்கங்களைத் தொடக்கத்திலிருந்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். டாக்டரிடம் "நான்" என்று சொன்ன இடத்தை இரண்டு முறை படித்தேன். அவள் தலை நிமிராமல், "தெரியும் மதினி," என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"அன்னைக்கு வாசல்ல வச்சு நீங்கதானே அண்ணங்கிட்ட சொன்னீக, டாக்டரம்மா மெச்சுனாகன்னு. நான் செவுத்துக்கு அந்தப் பக்கம் நின்னேன்."

"உனக்குக் கோபம் வரவில்லையா?"

"வராம? ரெண்டு நாளு உங்கள வையாத வசவு இல்ல. அஞ்சு வீட்டுப் பாத்திரமும் நசுங்கிருச்சு." சிரித்தாள். பிறகு கத்தியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "அப்புறம் யோசிச்சேன். பாத்திரம் தேய்க்கிறவ பாத்தான்னு சொல்லியிருந்தா அந்தம்மா நம்பியிருப்பாகளா? நீங்க சொன்னதால எழுதுனாக. புள்ள பொழச்சுச்சு. போதும்னு விட்டுட்டேன்."

அந்த மருத்துவர் நம்பியிருப்பார் என்றே நினைக்கிறேன். ஆனால் நம்பமாட்டார்கள் என்று ஒருத்தி இருபத்தொன்பது ஆண்டுகள் எண்ணிக்கொண்டிருக்கும்படி செய்தவள் நான். எழுதி வைத்திருந்த மன்னிப்பை எழுந்து நின்று படித்தேன். முடிக்கவிடவில்லை. "என்ன மதினி, கோர்ட்ல வக்கீலு நிக்கிற மாதிரி நிக்கிறீக. உக்காருங்க, டீ போடுறேன். அந்த எச்சிப் பாத்திரம் பேச்ச மட்டும் அடிச்சிருங்க. புள்ள படிச்சா மனசு கஷ்டப்படும்," என்றாள். அவள் எனக்கு இட்ட கட்டளை அது ஒன்றுதான். அதை மீறியே எழுதியிருக்கிறேன். உன் மனம் கொஞ்சம் கஷ்டப்படட்டும்.

சேனை வைத்தவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பதை நான் அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. ஆனாலும் வரிசையில் கத்தும் பயணிகளிடம் நீ சிரித்த முகத்தோடு பேசுவதாகவும், யார் என்ன சொன்னாலும் மறுநாள் மறந்துவிடுவதாகவும் நந்தினி சொல்லும்போது, அது என்னிடமிருந்து வந்திருக்க வழியில்லை என்று நினைத்துக்கொள்வேன். எங்கிருந்து வந்திருந்தாலும் நன்றி.

கோப்பை அஞ்சலில் அனுப்பப் போவதில்லை. இந்த மலர் உன் கைக்கு வந்த மறு ஞாயிற்றுக்கிழமை நானும் உன் அத்தையும் மெட்ரோவில் துவாரகாவுக்கு எடுத்து வருகிறோம். முதல் பக்கத்தில் "இரண்டாம் நாள், பட்டாணி அளவு வீக்கம், தாய் கவனித்தார்" என்று ஆங்கிலத்தில் இருக்கும். மருத்துவமனை எழுதியதை அடித்துத் திருத்தும் உரிமை எனக்கில்லை. ஆகவே ஒரு வெள்ளைத் தாளில் "கவனித்தவர் குழந்தையின் அத்தை, வேலம்மாள்" என்று எழுதி, கையொப்பமிட்டு, அதன் மேல் வைத்துத் தைத்திருக்கிறேன். நந்தினியின் மருத்துவரிடம் அந்தத் தாளை முதலில் காட்டு. சாப்பாட்டு வேளைக்கு வந்துவிடுவோம். அவரைக்காய்க் கூட்டு அவள் கொண்டு வருகிறாள். அவள் உனக்கு ஒரு வாய் பிசைந்து நீட்டுவாள். நீட்டாவிட்டால் நீயே கேள். தட்டை நான் நகர்த்த மாட்டேன்.

உன் கோப்பில் தன் பெயரைத் தவறாக ஏற்றிக்கொண்ட,
அம்மா